சிங்கமலைச் சுரங்கமும் பன்னிரண்டு அமர்வுகளும்

தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு நான் ஏன் கடந்த ஆண்டு வரை எப்போதும் பஸ்ஸிலேயே போனேன் என்பது வீட்டாரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளமானது. மலையக ரயில் பாதையில் அதைவிட நீளமான சுரங்கம் இல்லை. சிறுவயதில் ஒருமுறை கோச்சி அதனுள் நின்றுவிட, டீசல் புகை பெட்டிக்குள் நிறைந்தது. அன்றிலிருந்து கொழும்புப் பயணம்கூட எனக்குப் பஸ்ஸில்தான் என்றாகியது.

கடந்த ஆண்டு ஹட்டன் நகரிலுள்ள தனியார் உளவளத்துணை நிலையம் ஒன்றில், அமர்வுக்கு 2,500 ரூபாய் வீதம், பன்னிரண்டு அமர்வுகளுக்குச் சென்றேன். அங்கு பின்பற்றப்படுவது, தென்னாபிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே 1958இல் நூலாக விளக்கிய முறை. உடல் தளர்ந்திருக்கும் நிலையும் அச்சமும் ஒரே நேரத்தில் ஒன்றாக இருக்க முடியாது என்பது அவருடைய அடிப்படை. எனவே முதலில் தசைகளை இறுக்கித் தளர்த்தப் பழக்கி, பிறகு அச்சத்தைச் சிறு படிகளாக்கி, மிக எளிதான படியிலிருந்து ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு படிக்கும் 0 முதல் 100 வரை நாமே புள்ளி இட வேண்டும்.

என் ஏணியில் முதற்படி சுரங்க வாயிலின் புகைப்படம். அதற்கு நான் இட்டது 20. கைபேசியில் சுரங்கத்துக்குள் எழும் கோச்சிச் சத்தத்தைக் கேட்பது 45. கொட்டகலை நிலையத்தில் நின்று கோச்சி புறப்படுவதைப் பார்ப்பது 60. தனியாக, இரவில், சுரங்கத்தைக் கடப்பது 100. ஒரு படியில் புள்ளி பாதியாகக் குறையும்வரை அடுத்த படியைப் பற்றி அந்த உளவளத்துணையாளர் பேச்சே எடுக்கவில்லை. அவரிடம் நான் மதித்தது அந்தப் பொறுமையைத்தான். இரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுவீர்களா என்று முதல் நாளே கேட்டார். அத்தகையோருக்கு இரத்த அழுத்தம் திடீரென இறங்கிவிடுவதால், தளர்வுப் பயிற்சிக்குப் பதிலாகத் தசைகளை இறுக்கப் பழக்க வேண்டுமாம். விடயம் அறிந்தவர் என்பது அப்போதே புரிந்தது.

குறைகளும் உண்டு. பதிவுப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. தமிழர் அதிகம் வாழும் ஹட்டனில் இதற்கு எந்த நியாயமும் இல்லை. தளர்வுப் பயிற்சிக்கான ஒலிப்பதிவு, “கடற்கரையில் படுத்திருப்பதாக எண்ணுங்கள்” என்கிறது. நீச்சல் தெரியாத, கடலை நாலைந்து முறையே பார்த்த எனக்கு அலையோசை கேட்டதும் நெஞ்சு படபடத்தது. தேயிலை மலையை எண்ணலாமே என்றார் உளவளத்துணையாளர். அது அம்மா கொழுந்துக் கூடை சுமந்த இடம், அங்கே எனக்கு ஓய்வு வராது என்றேன். கடைசியில், மழை நாளில் லயத்து அடுப்படியில் பிளேன்டீயோடு குந்தியிருப்பதை எண்ணிக்கொண்டேன். அது வேலை செய்தது.

அதைவிடப் பெரிய குறை, ஐந்து அமர்வுகள் தளர்வுப் பயிற்சிக்கே போனது. தளர்வு இல்லாமலும், அஞ்சும் இடத்தில் போதிய நேரம் நின்றாலே அச்சம் குறையும் என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. இரண்டு அமர்வுகளை மிச்சப்படுத்தி ரயில் நிலையத்துக்கு முன்னதாகவே போயிருக்கலாம்.

பத்தாம் அமர்வில் அவரும் உடன் வர, கொட்டகலையில் ஏறினோம். இருள் சூழ்ந்ததும் ஜன்னல் சட்டத்தைப் பிடித்த என் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கண்ணை மூடாதீர்கள், புள்ளியை மட்டும் சொல்லுங்கள் என்றார். 80 என்றேன், 85 என்றேன், ஹட்டன் பக்க வெளிச்சம் தெரியும்போது 60. அன்று மாலைக்குள் அதே வழியை இன்னும் இரண்டு முறை கடந்தோம்; கடைசி முறை 35. பன்னிரண்டாம் அமர்வுக்குத் தலவாக்கலையிலிருந்து தனியாகக் கோச்சியில் வந்திறங்கினேன். இரவுப் பயணம் மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை நானே பார்த்துக்கொள்ளலாம் என்று கூறிவிட்டார்கள். அந்த உளவளத்துணை நிலையத்தில் சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகம் என்பதால், மூன்று வாரங்களுக்கு முன்பே நேரம் பதிந்துகொள்வது நல்லது.