கன்சோலா, கேமிங் கணினியா: டர்பன் வீடுகளில் கண்ட ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வீடுகளுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் பொருத்துவது என் தொழில். மின்வெட்டு நேரத்தில் எவையெல்லாம் ஓட வேண்டும் என்று வீட்டாரிடம் கேட்டுப் பட்டியல் எழுதிக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குவேன். விளக்கு, வைஃபை ரவுட்டர், தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி என்று பெரியவர்கள் சொல்லி முடித்ததும், அதுவரை கதவோரம் நின்றிருந்த பிள்ளை தன் விளையாட்டுக் கருவியையும் சேர்க்கச் சொல்வான். அது பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல் என்றால் பட்டியலில் ஒரு வரி கூடும். கேமிங் கணினி என்றால் பேட்டரியின் அளவை முதலிலிருந்து கணக்கிட வேண்டியிருக்கும். கணினியே வல்லமை மிக்கது என்று நன்கறிந்தவர்களும் கன்சோலைத் தேர்ந்தெடுப்பது ஏன் என்ற கேள்விக்கு நான் கண்ட விடையின் பெரும்பகுதி அந்தப் பட்டியலில்தான் கிடைத்தது.

கணக்கையே சொல்லிவிடுகிறேன். இங்கே பல வீடுகளில் இருப்பது சக்கரம் வைத்த சிறிய இன்வெர்ட்டர் பெட்டி. அதற்குள் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட ஓர் ஈய-அமில பேட்டரி இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 1,200 வாட்-மணி வரும். ஆனால் அந்த பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதாலும், மின்சாரத்தை மாற்றும்போது இன்வெர்ட்டரே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதாலும், கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 500 வாட்-மணிதான். பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ் 5) கனமான விளையாட்டை ஓட்டும்போது சுமார் 200 வாட் இழுக்கும். தொலைக்காட்சிக்கு 100, ரவுட்டருக்கு 10 என்று சேர்த்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 75 வாட் அளவில் நின்றுவிடுவதால், அதே பேட்டரியில் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய கணினியிலோ அந்த ஒரு கார்டுக்கு மட்டுமே 320 வாட் வரை தேவை. பிராசஸர், மின்விசிறிகள், மானிட்டர் அனைத்தும் சேர்ந்தால் 500 வாட்டை நெருங்கிவிடும். தாளில் அது ஒரு மணி நேரம் என்று வந்தாலும் நடைமுறையில் அதற்கும் குறைவுதான். ஏனெனில் ஈய-அமில பேட்டரி, வேகமாக இழுக்க இழுக்க, தரும் மொத்த மின்சாரத்தையே குறைத்துக்கொள்ளும் இயல்புடையது. லோட் ஷெடிங் என்று இங்கே சொல்லப்படும் முறைவைத்த மின்வெட்டு பெரும்பாலும் ஒரு முறைக்கு இரண்டு மணி நேரம் நீடிக்கும் என்பதை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் கருவி அந்த இடைவெளியைக் கடக்கும் என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மலிவான இன்வெர்ட்டர்கள் தருவது, சுவரில் வரும் மின்சாரத்தைப் போன்ற தூய சைன் அலையன்று. படிக்கட்டு போல ஏறி இறங்கும் ஒரு போலி அலை. விளக்குகளுக்கு அதனால் குறையொன்றும் இல்லை. ஆனால் நல்ல கேமிங் கணினிகளின் பவர் சப்ளையில் ஆக்டிவ் பிஎஃப்சி என்னும் சுற்று இருக்கும். அது அந்தப் படிக்கட்டு அலையோடு ஒத்துப்போகாமல், மின்சாரம் மாறும் நொடியிலேயே கணினியை அணைத்துவிடுவதுண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், கடைக்காரர் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று உறுதியாகச் சொன்னதை நம்பி, அத்தகைய ஒரு பெட்டியை என் சொந்தக் கணினிக்கு வாங்கிவைத்தேன். முதல் மின்வெட்டிலேயே கணினி அணைந்தது. மூன்றாம் மின்வெட்டுக்குப் பிறகு பவர் சப்ளை உயிர் பெறவே இல்லை. அன்றிலிருந்து, கணினி உள்ள வீட்டுக்குத் தூய சைன் அலை இன்வெர்ட்டரைத் தவிர வேறெதையும் நான் பொருத்துவதில்லை, விலை கூடுதலானாலும். கன்சோலுக்கும் தூய அலையே நல்லது. ஆனால் அதன் தேவை சிறியது என்பதால், தரமான சிறிய பெட்டி ஒன்றே போதுமாகிவிடுகிறது.

சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டில் வேலை முடித்து, சுவரிலிருந்து மின்சாரத்தைத் துண்டித்து ஒத்திகை பார்த்தேன். பேரன் விளையாடிக்கொண்டிருந்த கால்பந்து ஆட்டம் நிற்காமல் ஓடியது. அருகில் அமர்ந்திருந்த ஆயா என்னைக் கேட்டார்: “ஏம்பா, இந்தப் பெட்டி இல்லாம கரண்டு போயிருந்தா, அவன் இம்புட்டு நேரம் விளையாடினது எல்லாம் போயிருக்குமா?” அவர் கேட்டது சரியான கேள்வி. போகும்தான், கடைசியாகச் சேமித்த இடம் வரையில். எக்ஸ்பாக்ஸில் குவிக் ரெஸ்யூம் என்றொரு வசதி இருக்கிறது. முறையாக அணைத்தால் ஆட்டத்தின் நிலையை அப்படியே எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகத்தில் எழுதிவைத்து, பிளக்கைப் பிடுங்கினாலும் பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால், எழுதிவைக்க அதற்கு நேரம் இல்லை. பிஎஸ் 5-ம் அப்படி அணைந்தால், மறுமுறை எழும்போது சேமிப்பகத்தைச் சோதித்துச் சரிசெய்த பிறகே உள்ளே விடும். கணினியிலும் இதே இழப்புதான். அங்கே ஒரு விண்டோஸ் அப்டேட் நடுவில் அறுபட்டால், அதைச் சீராக்கும் வேலையும் வீட்டுக்காரரின் தலையில்தான் விழும்.

2024 மார்ச் 26 முதல் பத்து மாதங்களுக்கு மேல் நாட்டில் லோட் ஷெடிங் இல்லாமல் இருந்தது. 2025 ஜனவரி 31 அன்று திரும்ப வந்தது. அந்த இடைவெளியிலும் கேபிள் திருட்டாலும் பழுதுகளாலும் தெருக்கள் இருண்டுகொண்டுதான் இருந்தன. ஆகவே கருவி வாங்கும்போது மின்சாரத்தை முதலில் எண்ணிப் பார்க்கும் பழக்கம் இங்குள்ள குடும்பங்களை விட்டுப் போகவில்லை. முன்கட்டண மீட்டர் உள்ள வீடுகளில் இது இன்னும் கண்கூடு: நான்கு மணி நேரம் விளையாடினால் அந்தப் பெரிய கணினி இரண்டு யூனிட் எடுக்கும், பிஎஸ் 5-ம் தொலைக்காட்சியும் சேர்ந்து ஒன்றேகால் யூனிட்டுக்குள் முடித்துவிடும்.

விலைக்கு வருவோம். டாலரில் விலை வைக்கப்படும் உதிரிபாகங்கள் ராண்ட் சரியும்போதெல்லாம் இங்கே ஏறும். அதன்மேல் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. கன்சோலுக்கும் இதே வரிதான் என்றாலும், அது ஒரே பெட்டியாக, ஒரே விலையில், எட்டு கோர் பிராசஸரும் நினைவகமும் (பிஎஸ் 5-இல் 16 ஜிபி) விரைவான எஸ்எஸ்டியும் சேர்ந்தே வருகிறது. அதே திறனுள்ள கணினியை உதிரியாக வாங்கிச் சேர்த்த எவரும், கன்சோலின் விலைக்குள் முடித்தேன் என்று என்னிடம் சொன்னதில்லை. எத்தேரியம் என்னும் கிரிப்டோ நாணயத்தைக் கணினிகளால் தோண்டுவதற்காகக் கிராஃபிக்ஸ் கார்டுகளை அள்ளிச் சென்ற காலத்தில், அதாவது 2022 செப்டம்பரில் அந்த முறை கைவிடப்படும் வரையில், ஒரு நல்ல கார்டை நியாயமான விலைக்கு வாங்குவதே அரிதாக இருந்தது. கன்சோலுக்கும் அப்போது தட்டுப்பாடு இருந்தது உண்மை. ஆனால் காத்திருந்து ஒருமுறை வாங்கிவிட்டால், அடுத்த பல ஆண்டுகளுக்கு அதைப் பற்றிய கவலை இல்லை. 2013-இல் வந்த பிஎஸ் 4-இல், 2022 நவம்பரில் வெளியான காட் ஆஃப் வார் ராக்னராக்கும் ஓடியது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒன்பது ஆண்டு பழைய கருவிக்காகவும் உருவாக்கியவர்களே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த ஆட்டம் அது. 2013-இல் வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

ஆனால் கருவியை வாங்கியதற்குப் பிந்தைய செலவில் கணினி வெல்கிறது. கன்சோல் பக்கம் நிற்பவர்கள் இதை மறைக்கக் கூடாது. கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் என்னும் இணையக் கடையில் விலைகள் ராண்டிலேயே காட்டப்படுகின்றன. தள்ளுபடிக் காலங்களில் பழைய ஆட்டங்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு வந்துவிடும். எபிக் கடை 2018 இறுதியிலிருந்து ஆட்டங்களை இலவசமாகவும் கொடுத்துவருகிறது. இணையத்தில் பிறரோடு விளையாட கணினியில் தனிக் கட்டணம் இல்லை. கன்சோலிலோ, ஃபோர்ட்நைட் போன்ற இலவச ஆட்டங்கள் நீங்கலாக, பெரும்பாலானவற்றுக்குச் சந்தா கட்டியாக வேண்டும். ஐந்து ஆண்டுச் சந்தாவைக் கூட்டிப் பார்க்கும் தந்தைமார் அதிர்ந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு ஈடாக, டிஸ்க் டிரைவ் உள்ள கன்சோல் தருவது டிஸ்க். ஒரு வீட்டில் வாங்கிய டிஸ்க் சித்தப்பா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் கை மாறி, கடைசியில் பழைய பொருளுக்கான விலையில் விற்கவும்படும். ஆனால் 2024 நவம்பரில் வந்த பிஎஸ் 5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே இல்லை. தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். இந்தப் போக்கு நீடித்தால், கூட்டுக் குடும்பங்களுக்குக் கன்சோல் தந்துவந்த பெரிய சகாயம் ஒன்று கைநழுவும். எனக்கு அதில் மெய்யான வருத்தம் உண்டு.

வேலைக்குப் போகும் பெரியவர்களிடம் கேட்டால், அவர்கள் பணத்தைவிட நேரத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். இரவு உணவுக்குப் பின் கிடைப்பது ஒரு மணி நேரம். கன்சோலைத் தட்டினால் நேற்று விட்ட இடம் திரையில் நிற்கிறது. கணினியில், கிராஃபிக்ஸ் டிரைவர் புதிது வந்திருக்கும். புதிய ஆட்டம் என்றால், முதன்முறை திறக்கும்போது ஷேடர்கள் என்னும், காட்சியை வரையும் சிறு நிரல்களைத் தொகுக்கிறேன் என்று பல நிமிடங்கள் நிற்கும், இல்லையேல் ஆட்டத்தின் நடுவில் விக்கி விக்கி ஓடும். நிழல், நீர், முடி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்பு. அந்தத் திருகல்களிலேயே இன்பம் காண்பவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். கன்சோல் என்றால் எல்லாம் பழுதின்றி ஓடும் என்றும் நம்பிவிட வேண்டாம். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077, பிஎஸ் 4-இல் ஆட முடியாத நிலையில் வெளியாகி, பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே எடுக்கப்பட்டு, 2021 ஜூனில்தான் திரும்ப வைக்கப்பட்டது. ஆனாலும் அத்தகைய குறையைச் சரிசெய்வது ஆட்டத்தை விற்றவரின் பொறுப்பாக இருக்கிறது. கணினியில் அதே குறை வந்தால், தன் கார்டா, டிரைவரா, நினைவகமா என்று வாங்கியவரே தேடிக்கொண்டிருக்க வேண்டும். கன்சோலை விரும்புகிறவர்கள் கூடுதல் காசு கொடுத்தாவது தவிர்க்க நினைப்பது இந்தத் தேடலைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இடமும் ஒரு காரணம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இங்கே உறவினர்கள் ஒரு வீட்டில் கூடிப் பூசை முடித்து, இலையில் சாப்பிட்டு, பிற்பகல் வரை இருப்பார்கள். அப்படி ஒரு நாளில், கூடத்துத் தொலைக்காட்சியின் முன் நான்கு பிள்ளைகள் தரையில் அமர்ந்து நான்கு கன்ட்ரோலர்களில் ஒரே கால்பந்து ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா ஒருவர் பின்னால் நாற்காலியில் இருந்து, “பந்தை விடுடா, பாஸ் கொடுடா” என்று கத்திக்கொண்டிருந்தார். கணினியையும் தொலைக்காட்சியோடு இணைக்கலாம், கன்ட்ரோலரும் மாட்டலாம். ஆனால் அது படுக்கையறை மேசையில், ஒரே ஒரு நாற்காலியின் முன்னால் இருக்கிறது. அதைக் கூடத்துக்குத் தூக்கி வருபவரை நான் அரிதாகவே பார்த்தேன். மேலும் கால்பந்து பிரியர்களுக்கு ஒரு பழைய மனக்குறையும் உண்டு: ஃபிஃபா 21, 22 ஆகிய இரண்டும் கணினிக்கு முந்தைய தலைமுறைப் பதிப்பாகவே வந்தன, புதிய கன்சோல்களுக்கு இணையான பதிப்பு ஃபிஃபா 23-இல்தான் கிடைத்தது. ஜிடிஏ 5-ம் 2013-இல் கன்சோலுக்கு வந்து, 2015-இல்தான் கணினிக்கு வந்தது.

மவுஸ் பிடித்துக் குறிபார்த்துச் சுடும் ஆட்டங்களை விரும்புவோருக்குக் கன்சோலைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. கவுண்டர் ஸ்டிரைக் 2 என்னும் சுடும் ஆட்டமும் டோட்டா 2 என்னும் உத்தி ஆட்டமும் கணினிக்கே உரியவை. அவற்றுக்கு ஜோஹன்னஸ்பர்கிலேயே சர்வர் இருப்பதால், ஐரோப்பாவுக்குக் கடலடிக் கேபிளில் போய்வரும் தாமதம் இல்லாமல் டர்பனில் இருந்தே ஆடலாம். உத்தி ஆட்டங்கள், ரசிகர்களே ஆட்டத்தை மாற்றி அமைக்கும் மாட்கள், இருபது ஆண்டு பழைய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் கணினிதான். படிப்புக்கு எப்படியும் ஒரு கணினி வாங்கப்போகும் மாணவருக்கு, அதிலேயே ஒரு கார்டைச் சேர்ப்பது சிக்கனமும்கூட.

மின்சாரக் கணக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் தேவை 115 வாட் மட்டுமே. அடக்கமான பிராசஸரோடு சேர்த்தால் அந்தக் கணினியும் பிஎஸ் 5-இன் அளவிலேயே நிற்கும். மேலே சொன்ன ஆயாவின் பேரன் இவ்வாண்டு பொறியியல் படிக்கப் போனபோது, நான் சொன்னதைக் கேட்டு அப்படிப்பட்ட கணினியைத்தான் வாங்கினான். கன்சோலை விற்றுவிடலாமா என்று அவன் கேட்டதற்கு, சனிக்கிழமைகளில் வரும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ஆயா திருப்பிக் கேட்டாராம். நான் போய், அவன் அறைக்கு இன்வெர்ட்டரிலிருந்து இன்னொரு ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.