நெல் மில்லில் எக்ஸாஸ்ட் ஃபேன்: பல வருஷம் ஓட்டிப் பார்த்தபின்

அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்கு ஒரு நடுத்தர அளவு அரிசி மில் இருக்கிறது. கார், பிசானம் இரண்டு போகத்துக்கும் நெல் வரும். பெரும்பாலும் அம்பை 16 தான். குண்டு ரகம், புழுங்கலுக்குத் தோதானது. ஷெட்டுக்குள் மூன்று தொந்தரவுகள் ஒன்றாகச் சேரும்: அவியல் தொட்டியிலிருந்து கிளம்பும் நீராவி, தகரக் கூரையிலிருந்து இறங்கும் வெக்கை, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரிலும் அரிசியைத் தீட்டும் பாலிஷரிலும் பறக்கும் தவிட்டுத் தூசி. இதற்காக 24 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் நான்கு, பெடஸ்டல் ஃபேன் இரண்டு, கூரையில் காற்றுக்குத் தானே சுற்றும் டர்போ வென்டிலேட்டர்கள் என்று வைத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறோம். புதிதாக ஷெட் போடுகிறவர்கள் அடிக்கடி என்னிடம் விவரம் கேட்கிறார்கள். பெரும்பாலும் கேட்பது "எந்த கம்பெனி நல்லது?" என்றுதான். என் அனுபவத்தில் அது கடைசிக் கேள்வி.

முதல் கேள்வி, காற்று எந்த வழியாக உள்ளே வரும் என்பது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் கொளக் கொளக் என்று திக்கித்தான் விழும். இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக வரும். ஷெட்டும் அப்படித்தான். உள்ளே வர வழி இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய ஃபேனும் சும்மா இரைச்சல் போடும். ஃபேன்களின் மொத்த வாய்ப் பரப்பை விட உள்வரும் ஜன்னல்களின் பரப்பு கூடுதலாக இருக்க வேண்டும். அந்த ஜன்னல்கள் எதிர்ச் சுவரில், தாழ்வாக இருக்க வேண்டும். ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜன்னல் திறந்து கிடந்தால், அங்கே நுழையும் காற்றையே ஃபேன் இழுத்து வெளியே தள்ளிவிடும். தொட்டிப் பக்கம் ஆவி அப்படியே நிற்கும். சோதித்துப் பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். சாக்கு நூலை ஒரு முழம் பிரித்து எதிர் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். ஃபேன் ஓடும்போது நூல் உள்பக்கமாக நன்றாகச் சாய வேண்டும். தொங்கிக்கொண்டே இருந்தால் காற்று வேறு எங்கோ குறுக்கு வழியில் போகிறது.

அடுத்தது சுவர். நம் ஊரில் இதை முடிவு செய்வது மேல்காற்றுதான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து அடிக்கும். முப்பந்தலிலும் கயத்தாறிலும் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். அந்தக் காற்றை எதிர்த்துத் தள்ளும் பலம் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கிடையாது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று சுவர் மேல் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் (தண்ணீரை அந்த அளவு உயர்த்தும் அழுத்தம்) கொடுக்கும். இறக்கை வகை ஃபேன்களின் திறனே சில மில்லிமீட்டர்தான். எங்கள் மில்லை முன்பு நடத்தியவர்கள் இரண்டு ஃபேன்களை மேற்குச் சுவரில் வைத்திருந்தார்கள். கோடையில் ஒழுங்காக ஓடும். காற்று கிளம்பியதும் வெளியே போக வேண்டிய ஆவியும் தூசியும் திரும்ப உள்ளே வரும். இப்போது நான்கும் கிழக்குச் சுவரில் இருக்கின்றன, மேற்கில் ஜன்னல்கள். ஆடி மாதம் பாதி வேலையைக் காற்றே செய்துவிடுகிறது. பல நாட்கள் இரண்டு ஃபேன் போதும். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். அதனால் கிழக்குச் சுவர் ஃபேனுக்கு வெளியே சரிவான தகர மூடி கட்டாயம் வேண்டும்.

எத்தனை ஃபேன் என்பது எளிய கணக்கு. எங்கள் ஷெட் 60 அடி நீளம், 40 அடி அகலம், சராசரி 20 அடி உயரம். 48,000 கன அடி. மணிக்கு 20 தடவை காற்று மாற வேண்டும் என்று வைத்தால் நிமிஷத்துக்கு 16,000 கன அடி தள்ள வேண்டும். கேட்டலாக்கில் ஒரு ஃபேனுக்கு 5,500 என்று போட்டிருந்தால் மூன்று போதும் என்று தோன்றும். ஆனால் அந்த எண், முன்னாலும் பின்னாலும் தடையே இல்லாமல் ஓடும்போது கிடைப்பது. வலை, ஷட்டர், மழை மூடி எல்லாம் போட்டபின் அது கிடைக்காது. அதனால்தான் நான்கு. ஃபேனை வேகமாக ஓட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்று வேகத்துக்குத் தக்கபடிதான் கூடும். மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். திருப்பிச் சொன்னால், வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே மின்செலவு பாதிக்கு வந்துவிடும். மெதுவாக ஓடும் பெரிய ஃபேன் லாபம், சத்தமும் குறைவு.

பொருத்துவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செங்கல் சுவர் என்றால் மேலே லிண்டல் கொடுத்துத் திறப்பு விட்டு, ஆங்கிள் சட்டம் வைத்து, ஆங்கர் போல்ட்டோடு ரப்பர் பேட் போட வேண்டும். தகரச் சுவர் என்றால் தகரத்தில் நேரடியாக மாட்டவே கூடாது. தூணோடு வெல்டிங் செய்த சட்டத்தில்தான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஷெட்டே அதிரும். இறக்கையின் கீழ் விளிம்பு எட்டு அடிக்கு மேல் இருப்பது நல்லது. எட்டாத உயரம் என்றாலும் உள்பக்க வலையை விடாதீர்கள். மூட்டை அடுக்குகிறவர்கள் அட்டி மேல் ஏறி நின்றால் அதுவும் எட்டும் உயரம்தான். தரையிலிருந்து 7 அடிக்குள் இருக்கும் இறக்கைக்கு அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாத வலை வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. பெடஸ்டல் ஃபேன் வாங்கும்போது நான் இந்த அளவைத்தான் பார்க்கிறேன். கடையில் கிடைக்கும் பல ஃபேன்களின் வலையில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது.

மின் இணைப்பில்தான் பலருக்கும் நஷ்டம் வருகிறது. த்ரீ பேஸ் மோட்டாரில் இரண்டு வயர் மாறினால் ஃபேன் எதிர்த் திசையில் சுற்றி, வெளிக்காற்றை உள்ளே தள்ளும். தவிடு உறிஞ்சும் புளோயர் இன்னும் ஏமாற்றும். எதிராகச் சுற்றினாலும் அதே வழியாகத்தான் காற்று வரும், ஆனால் பலம் வெகுவாகக் குறைந்திருக்கும். லைனில் வேலை நடந்து மின்சாரம் திரும்பிய அன்று, மோட்டார் மேல் போட்டிருக்கும் அம்புக்குறியோடு சுழற்சியை ஒத்துப் பார்ப்பது எங்கள் மில்லில் வழக்கம்.

அதை விடப் பெரிய எமன், ஒரு பேஸ் போவது. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபியூஸ் போனால் மோட்டார் மீதி இரண்டு பேஸில் உறுமிக்கொண்டே ஓடும். கொஞ்ச நேரத்தில் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகும். கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயை மோட்டார் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஆம்பியருக்குச் சரியாக வைக்க வேண்டும். அரை ஹெச்பி மோட்டார் எடுப்பது சுமார் 1 ஆம்பியர்தான். அதற்கு 4 ஆம்பியர் ரிலே வைத்த பேனல்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது ரிலே இல்லாததற்குச் சமம். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் பேஸ் ஃபெயிலியர் ரிலேயைப் பேனலில் போட்ட பிறகு எங்களுக்கு ஃபேன் மோட்டார் காயில் கட்டும் செலவு வரவில்லை. எர்த் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியாக இரண்டு, விதியும் அதுதான். இழுத்துக்கொண்டு போகும் பெடஸ்டல் ஃபேன்களுக்கு கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாகத்தான் லைன் கொடுத்திருக்கிறோம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நடக்கிற இடம் அது.

இனி சொல்வதை மில் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தங்கள் ஆட்களுக்கும் சொல்ல வேண்டும். அணைத்த ஃபேனை நம்பாதீர்கள். ஆடி மாதம் ஸ்விட்சை அணைத்த பிறகும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். மேற்கு ஜன்னலில் புகுந்த காற்று கிழக்கு ஃபேன் வழியாக வெளியேறும்போது இறக்கையைச் சுற்றிவிடும். எங்கள் ஃபிட்டர் பெரியவர் ஒருவர் புதுப் பையன்களிடம் முதல் நாளே சொல்வார்: "ஏல, சுவிச்ச நாம அமத்திருவோம். மேல்காத்த அமத்த முடியுமா? எறக்கயக் கட்டாம கைய வைக்காத." அவர் சொல்கிறபடி, கை வைக்கும் முன் இறக்கையைச் சட்டத்தோடு கயிறு போட்டுக் கட்டிவிடுவோம், வேலை முடிந்து கயிற்றை அவிழ்த்த பிறகுதான் லைன். எதிர்க்காற்றில் எதிர்த் திசையில் சுற்றும் ஃபேனை அப்படியே ஸ்டார்ட் செய்வதும் ஆபத்து. மோட்டார் தாங்க முடியாத கரண்ட் இழுக்கும். வெளிப்பக்கம் தானே மூடிக்கொள்ளும் ஷட்டர் இருந்தால் எதிர்க்காற்றில் இறக்கை பின்பக்கம் சுற்றுவது பெரும்பாலும் நிற்கும். தவிடு அப்பி அந்த ஷட்டர் இதழ்கள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மாதாந்திர பராமரிப்பு மின்தடை அன்றுதான் எல்லா மில்லிலும் ஃபேன் துடைப்பார்கள். கரண்ட்தான் இல்லையே என்ற நினைப்பு. சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிடுவது உண்டு. ஸ்டார்ட்டர் வழியாகப் போகும் ஃபேன் தானாகக் கிளம்பாது; வெறும் ஸ்விட்சில் இருப்பது உடனே கிளம்பிவிடும். அதனால் ஒவ்வொரு ஃபேனுக்கும் பக்கத்தில் பூட்டு மாட்டும் வசதியுள்ள ஐசோலேட்டர் (லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வைத்தோம். யார் ஏணியில் ஏறுகிறாரோ அவர் பையில்தான் சாவி இருக்கும். முதலாளியே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. தோளில் துண்டு கூடாது. பெருக்க வரும் அக்காமார் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிய பிறகுதான் பெடஸ்டல் ஃபேன் பக்கம் போகலாம். இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்பதும், ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கிறவர் உடம்பை ஒட்டிய உடை அணிய வேண்டும் என்பதும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 21, 22-ஆம் பிரிவுகளில் எழுதி வைத்த விஷயங்கள்.

சுத்தம் செய்வதில் அரிசி மில்லுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. தவிட்டில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. அவியல் ஆவியோடு சேர்ந்து அது இறக்கையின் முன் விளிம்பில் பழுப்பாக, நகத்தால் கீறினால்கூட வராத பொருக்காகப் படியும். சமமாகப் படிந்திருக்கும்வரை ஃபேன் ஒன்றும் காட்டாது. ஒரு இறக்கையில் மட்டும் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தால் சமநிலை கெட்டு, சட்டம் தடதடக்கும், பேரிங் போகும். ஆகவே துடைத்தால் எல்லா இறக்கைகளையும் ஒரே மூச்சில் துடைக்க வேண்டும். வெந்நீர், சோப்பு, மரச் சுரண்டி. கத்தி போட்டால் அலுமினிய இறக்கையில் கீறல் விழும். மோட்டார் மேல் படியும் தூசியும் சாதாரணமல்ல. அது சூட்டை வெளியே விடாது. தவிட்டுத் தூசி தீப்பிடிக்கவும் கூடியது. கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் ஷெட் முழுக்கத் தூசி மேகம் கிளம்பும். பிரஷ்ஷால் மெதுவாகத் தள்ளி அள்ளுவதுதான் சரி. மோட்டார் முழுதும் மூடிய, தூசிக்கும் தண்ணீருக்கும் காப்புள்ள ஐபி 55 வகையாக இருக்கட்டும். விலை கூடினாலும் தூசியுள்ள இடத்தில் வேறு எதுவும் நிற்காது.

பெடஸ்டல் ஃபேன் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த எண்ணம் இல்லை. மாலையிலும் இரவு ஷிஃப்டிலும் நல்ல சுகம். சித்திரை, வைகாசி மத்தியானம் பாய்லர் பக்கம் அதை வைத்தால் வெந்த காற்றை ஆள் மேல் வீசுகிறது. வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மின்விசிறி உடம்பைச் சூடாக்கவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அந்த நேரங்களில் நாங்கள் அவியல் வேலையை விடியற்காலைக்கு மாற்றிவிடுகிறோம். மோரும் தண்ணீரும் கை எட்டும் இடத்தில் இருக்கும்.

டர்போ வென்டிலேட்டர் மின்செலவே இல்லாதது, மேல்காற்றுக் காலத்தில் அபாரம். புரட்டாசிப் புழுக்கத்தில், காற்று செத்துக் கிடக்கும் நாட்களில், ஒப்புக்குச் சுற்றும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அது துணை மட்டும்தான், பதில் ஆகாது. கூரை ஓட்டையைச் சுற்றிப் போடும் சீலன்ட் வெயிலில் வெடிக்கும். வடகிழக்கு மழைக்கு முன் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

கம்பெனி விஷயம்: பெயர் பெற்ற எதை வாங்கினாலும் சரி, உங்கள் ஊரிலோ திருநெல்வேலி ஜங்ஷனிலோ பேரிங்கும் கெபாசிட்டரும் உடனே கிடைக்கிறதா என்று கேளுங்கள். அரை ஹெச்பி ஃபேன் மணிக்குச் சுமார் அரை யூனிட்தான் இழுக்கிறது. கரண்ட் செலவு நம்மைக் கவிழ்க்காது. பிசான அறுவடை மும்முரத்தில் ஒரு பேரிங்குக்காக நாலு நாள் ஃபேன் நின்றால்தான் கவிழ்க்கும்.