4,800 யூரோ போச்சு: கீல், பல்ப் வெளியே செய்யக் கொடுப்பவர்கள் உடனே படிக்கவும்

மினி 6.50 என்ற சிறிய பந்தயப் பாய்மரப் படகு கட்டுகிற யாராவது இந்த நிமிடம், எங்களுக்குக் கீல் செய்து விற்ற இதே ஆளிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். போன பணம் 4,800 யூரோ. வந்த சரக்கு கடலில் இறக்கத் தகாத ஒரு ஃபின், பாதி இரும்பு அடைத்த ஒரு பல்ப். படகின் அடியில் நீருக்குள் நீட்டியிருப்பது கீல்: அதன் தட்டையான துடுப்பு ஃபின், துடுப்பின் கீழ் நுனியில் இருக்கும் எடைக் குண்டு பல்ப்.

இந்த வகைப் படகுக்கு நீளம் 6.50 மீட்டர், அகலம் 3 மீட்டர், நீருக்குள் ஆழம் 2 மீட்டர் என்று எல்லை உண்டு. ஆழத்துக்கே எல்லை இருக்கும்போது கவிழாமல் காப்பது பல்பின் எடைதான். வரைபடப்படி நாங்கள் கேட்டது இரண்டு. ஒன்று, எஸ்690 என்ற உயர்வலு உருக்குத் தகட்டில் பற்றவைத்த உள்ளீடற்ற ஃபின், மேலே படகோடு போல்ட் போடும் ஃபிளேஞ்சோடு (விளிம்புத் தகடு). இன்னொன்று 280 கிலோ பல்ப், ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி என்ற உலோகம் 4 சதவீதம் கலந்த ஈயத்தில்.

விற்றவர், உலோக வேலை செய்பவர்களையும் படகு கட்டுபவர்களையும் இணைத்துவைக்கும் ஒரு இணையச் சந்தையில் இருப்பவர். பேச்சிலேயே நம்ப வைத்தார். ஆன்டிமனி ஏன், எவ்வளவு என்று கேட்டதற்கு, சுத்த ஈயம் மிருது, தரை தட்டினால் நசுங்கும், போல்ட் மரை பிடிக்காது என்று சரியாகச் சொன்னார். முன்பணம் போனதும் கிரேன் தராசில் பல்ப் தொங்கும் படம் வந்தது, தராசு 281 காட்டியது. கூடவே தகட்டைச் சோதித்து உருக்காலை தரும் சான்றிதழ், ஈ.என். 10204 என்ற ஐரோப்பியத் தரத்தில் 3.1 வகை. இதற்கு மேல் என்ன கேட்பது? மீதியும் போனது. மொத்தம் 4,800 யூரோ.

வந்த பல்ப் 241 கிலோ. படத்தில் இருந்த பல்பின் முதுகில் தூக்குவதற்கு இரண்டு வளையங்கள் இருந்தன. வந்ததில் மரை துளைகள்தான் இருக்கின்றன. அது வேறு யாருடைய பல்போ!

வடிவம் வரைபடத்தோடு அச்சாகப் பொருந்துகிறது, எடை மட்டும் 39 கிலோ குறைவு. அப்படியென்றால் உள்ளே இருப்பது ஈயம் மட்டும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். காற்றில் ஒரு எடை, முழுக்க நீரில் அமிழ்த்தி ஒரு எடை. குறைகிற கிலோதான் லிட்டரில் கன அளவு. கடல்நீர் என்றால் 1.025ஆல் வகுக்க வேண்டும். தூக்கும் பட்டையின் எடையைக் கழிக்க வேண்டும், துளைகளில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். எங்களுக்கு நல்ல நீரில் 25.5 கிலோ குறைந்தது. 241ஐ 25.5ஆல் வகுத்தால் அடர்த்தி லிட்டருக்கு 9.45 கிலோ. ஆன்டிமனி ஈயம் 11ஐ ஒட்டி வர வேண்டும், இரும்பு 7.85. பிறகு 12 மில்லிமீட்டர் துரப்பணத்தால் துளைத்தோம். முதல் நான்கு சென்டிமீட்டர் மெத்தென்று வெள்ளிச் சுருளாக வந்தது. அப்புறம் கிறீச்சிட்டு நின்றுவிட்டது. உள்ளே இரும்புத் துண்டுகள்.

39 கிலோதானே என்று நினைக்காதீர்கள். படகின் எடை மையத்துக்கு 1.7 மீட்டர் கீழே 39 கிலோ குறைவது, அதே மையத்துக்கு 11 மீட்டர் மேலே பாய்மர உச்சியில் 6 கிலோ மூட்டையை நிரந்தரமாகக் கட்டிவைப்பதற்குச் சமம். படகை 90 பாகை சாய்த்து, உச்சியில் எடை கட்டிப் பார்க்கும் சோதனையில் இது படகைத் தோற்கடிக்கும்.

ஃபின் இன்னும் மோசம். கெட்டியாக பிரைமர் பூசி அனுப்பியிருந்தார். ஏன் என்பது சுரண்டிய பிறகுதான் தெரிந்தது. ஃபிளேஞ்சும் ஃபினும் சேரும் மூலையில்தான் வளைப்பு விசை உச்சம். அந்த இடத்தில் சிவப்புச் சாயம் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்ததும் 11 சென்டிமீட்டருக்குச் சிவப்புக் கோடு எழுந்தது, பிளவுக்குள் புகுந்த சாயம்தான் அது. தகட்டின் ஓரத்தைச் சாய்வாகச் சீவாமல் மேலாகப் பற்றவைத்திருக்கிறார். உருகல் அடிவரை இறங்கவே இல்லை.

உருக்கும் எஸ்690 இல்லை. கடினமானி பிரினெல் அளவில் 150ஐ ஒட்டிக் காட்டுகிறது. எஸ்690க்கு 230க்கு மேல் வர வேண்டும், இது சாதாரண எஸ்355 ஆக இருந்தால் அதிகம். எடையைத் தொங்கவிட்டு வளைவை அளந்தால் இது பிடிபடாது. மீள்தன்மை எல்லா உருக்குக்கும் ஏறத்தாழ ஒன்றே, 210 கிகாபாஸ்கல். இரண்டும் ஒரே அளவு வளையும். ஒன்று 690 மெகாபாஸ்கல் அழுத்தத்தில்தான் தளரும், மற்றது 355இலேயே வளைந்து அப்படியே நின்றுவிடும். அந்தச் சான்றிதழோ 20 மில்லிமீட்டர் தகட்டுக்கானது. எங்கள் ஃபின் 8 மில்லிமீட்டர்.

2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற படகின் கீல் அட்லாண்டிக்கில் கழன்று நான்கு பேர் உயிரிழந்தார்கள். அந்த ஆளுக்கும் இது தெரியாமல் இருக்காது.

கேட்டால் வந்த பதில்களைப் பாருங்கள். முதலில் "உங்கள் தராசைச் சரிபாருங்கள்." வேறு தராசில் போட்டுக் காட்டினோம். அடுத்து "ஈயம் ஆறும்போது சுருங்கும் சார், எல்லாருக்கும் அப்படித்தான்." சுருங்கினால் கன அளவு குறையும், எடை எங்கே போகும்? சாயச் சோதனைப் படம் அனுப்பியதற்கு "அது வெறும் கீறல், எபாக்ஸி பூசினால் சரியாகிவிடும்." அதன் பிறகு பதிலே இல்லை. இணையச் சந்தையைக் கேட்டால், அளவு கொடுத்துச் செய்த பொருளுக்குத் திரும்பப்பெறும் வசதி கிடையாதாம், 'பெற்றுக்கொண்டேன்' அழுத்தியதும் புகார் முடிந்துவிட்டதாம். 4,800 யூரோவுக்கு அவர்கள் கொடுத்தது ஒரு வருத்தக் கடிதம்.

செய்யக் கொடுக்கிறவர்களுக்கு: ஃபினைப் பெயின்ட் இல்லாமல் கேளுங்கள். தகட்டில் குத்திய வார்ப்பு எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா, தகட்டின் கனம் ஒன்றா என்று வெட்டுவதற்கு முன்பே படம் வாங்குங்கள். உள்ளீடற்ற ஃபினுக்கு 0.2 பார் காற்றடைத்துச் சோப்புநீர் தடவிப் பாருங்கள், குமிழ் வந்தால் உள்ளே துருதான். பல்பை நீரில் எடை போடாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். அதுவரை அந்த 'பெற்றுக்கொண்டேன்' பொத்தானைத் தொடாதீர்கள்.