குரோனிங்கன் ஆர்கன், டர்பன் வரவேற்பறை

நெதர்லாந்து பாக் சொசைட்டி 1921இல் தொடங்கிய இசை அமைப்பு. ஜெர்மன் இசையமைப்பாளர் ஜே. எஸ். பாக் எழுதியதை ஒன்று விடாமல் வாசித்து, படமெடுத்து, இலவசமாகப் போடுவது என்று இறங்கியிருக்கிறார்கள். தொடரின் பெயர் 'ஆல் ஆஃப் பாக்'. யூடியூபிலும் உண்டு, அவர்களுடைய தளத்திலும் உண்டு. பாட்டு, வயலின் எல்லாம் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும். இங்கே பேச்சு ஆர்கன் படங்களைப் பற்றி; ஆர்கன் என்றால் காற்று ஊதிக் குழல்கள் ஒலிக்கும் பெரிய தேவாலயக் கருவி.

தென்னாப்பிரிக்காவில் பெரிய ஆர்கன்கள் இருக்கின்றன. கேப்டவுன் நகர மண்டபத்தில் 1905இல் வைத்த நார்மன் அண்ட் பியர்ட் கருவி ஒன்று போதும் சொல்ல. ஆனால் அது ஆங்கிலேயர் காலத்து ரசனைக்குக் கட்டியது. ஒலி வட்டமாக, கனமாக வரும். பாக் காலத்து வட ஜெர்மன் கருவிக்கு ஒவ்வொரு குரலும் கத்தி தீட்டினாற்போல் தனித்தனியாக நிற்கும். டர்பனில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்க வேண்டுமானால் ஒன்று படம், இல்லையென்றால் விமானச் சீட்டு.

முதலில் பார்க்க வேண்டியது டி மைனர் டொக்காட்டாவும் ஃபியூகும், BWV 565 (BWV என்பது பாக் படைப்புகளின் பட்டியல் எண்). டொக்காட்டா கை வேகம் காட்டும் சுதந்திரமான உருப்படி; ஃபியூக் ஒரே முகப்பு வரியைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடுவது. லியோ வான் டுஸெலார் வாசிக்கிறார், நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர மார்ட்டினி தேவாலயத்தில். எல்லோருக்கும் தெரிந்த உருப்படிதானே என்று தள்ளிவிட வேண்டாம். அந்த ஆர்கனின் பழைய பாகங்கள் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1691-92இல் வட ஜெர்மன் ஆர்கன் கட்டுநர் ஆர்ப் ஷ்னிட்கர் அதைப் பெரிதாக்கி, காலால் வாசிக்கும் பெடலுக்கான 32 அடிக் குழல்கள் நிற்கும் கோபுரங்களை இரு பக்கமும் எழுப்பினார். பிற்பாடு அவர் மகனும் கை வைத்தார். நடுவில் பலர் கெடுத்ததை ஆர்கன் கட்டுநர் யூர்கன் ஆரெண்ட் 1970களிலும் 80களிலும் திருத்தி மீட்டார். இன்று நாம் கேட்பது அந்த மீட்பு.

வீட்டில் சுருதிப் பெட்டி இருந்தால் ஒரு சோதனை. டி மைனர்தானே என்று 2 கட்டை வைத்தால் சேராது; இரண்டரைக்கு ஏற்றுங்கள், கிட்டத்தட்ட ஒட்டும். அந்தக் காலத்து தேவாலய ஆர்கன்கள் பலவற்றின் சுருதி இன்றையதைவிட அரை ஸ்வரம் உயரம். கீபோர்டில் கூடவே வாசித்துப் பார்க்கிறவர்கள் டிரான்ஸ்போஸை ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படியும் சில இடங்களில் முழுசாகச் சேராது. ஆர்கனின் பன்னிரண்டு ஸ்வரங்களும் கீபோர்டு போல சமமாகப் பங்கிட்டவை இல்லை. சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரக் கூட்டுகள் தேனாக இருக்கும், சில லேசாகக் கடிக்கும். ட்யூனிங் கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே அப்படி வைத்தது.

படப்பிடிப்பில் பாராட்ட வேண்டியது, காலை மறக்கவில்லை. ஆர்கனில் பாதி வேலை காலில் நடக்கிறது. பெடல் கட்டைகளில் முன்பாதங்கள் மாறி மாறி இறங்கும், குதிகாலுக்கு வேலை குறைவு. இந்த ஃபியூகில் ஓர் இடத்தில் கைகள் இரண்டும் சும்மா இருக்க, பெடல் மட்டும் தனியாக முகப்பு வரியைப் பாடும். பாக் காலத்து ஃபியூகில் இது அபூர்வம். பாக் எழுதியதுதானா என்ற சந்தேகத்துக்கே இது ஒரு காரணம். அந்த இடத்தை ஃபோன் ஸ்பீக்கரில் பார்த்தால் கால் ஆடுவது தெரியும், சத்தம் அரைகுறையாக வரும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஆரம்பத்திலேயே, முதல் மூன்று வீச்சுகள் முடிந்ததும், பெடலில் ஒரு டி விழும். அதன்மேல் ஒவ்வொரு கட்டையாக ஏறி, சிக்கலான ஒரு கூட்டு நிற்கும். 16 அடிக் குழலில் அந்த டி சுமார் 40 ஹெர்ட்ஸ். 32 அடி ஸ்டாப்பும் (ஒரு வகைக் குழல் வரிசையைத் திறந்துவிடும் குமிழ்) இழுத்திருந்தால் அதில் பாதி, அதாவது காது விட்டுவிட்டு உடம்பு வாங்கிக்கொள்ளும் எல்லை. ஃபோன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கை விரித்துவிடும். சிறிய சவுண்ட்பார் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். ஆகவே அந்த டி-யையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: தரையிலிருந்து எழுகிறதா, அல்லது மேலே உள்ள கட்டைகள் மட்டும் கேட்கின்றனவா?

கம்பி வைத்த, காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் செலவு குறைந்த வழி. டிவியோடு புளூடூத் சேர்த்தால் ஒலி பிந்தி, விரலுக்கும் சத்தத்துக்கும் ஒட்டாமல் போகலாம். டிவி மெனுவில் ஒலித் தாமதத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா பாருங்கள். சப்வூஃபர் இருந்தால் நல்லது. ஆனால் டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் பொதுச்சுவர் வீடுகளில் 40 ஹெர்ட்ஸ் சுவரைக் கேட்டுவிட்டுப் போகாது, பக்கத்து வீட்டு அலமாரிக் கிண்ணங்கள் வரை போகும்.

அடுத்து அணைக்க வேண்டியவை. யூடியூப் அமைப்பில் 'ஸ்டேபிள் வால்யூம்' என்று ஒன்று இருக்கும். பேச்சு வீடியோக்களுக்கு நல்லது, ஆர்கனுக்கு விஷம். டொக்காட்டாவின் ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு வரும் மௌனத்தில் தேவாலயத்தின் எதிரொலி தேய்ந்து அடங்க வேண்டும். அந்தப் பொறி அதை மேலே இழுத்துப் பிடிக்கும், பெரிய கூட்டு வரும்போது அமுக்கும். டிவியின் 'நைட் மோட்', 'கிளியர் வாய்ஸ்' இரண்டும் இதே ஜாதி.

டேட்டா வாங்கிப் போடுகிறவர்கள் படத் தரத்தை 480க்கு இறக்கலாம். மணிக்கு ஏறக்குறைய அரை ஜிபி. 1080இல் அது மூன்று மடங்குக்கு மேல். 480க்கும் கீழே இறக்க வேண்டாம், ஒலியும் சேர்ந்து மெலியக்கூடும்.

ஐரோப்பிய தேவாலயங்களின் நேரலைக் கச்சேரிகளைத் தேடுகிறவர்களுக்கு: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஆம்ஸ்டர்டாமும் டர்பனும் ஒரே மணி. மற்ற மாதங்களில் அங்கே இரவு 8 என்றால் இங்கே 9. நேரலைகளின் தரம் ஒரே சீராக இருக்காது. கேமரா வாசிப்பவர் பக்கத்தில், மைக் தேவாலயத்தின் கடைசி பெஞ்சில் என்றால், 30 மீட்டரைக் கடக்க ஒலிக்குக் கிட்டத்தட்ட 0.09 நொடி பிடிக்கும். வேகமான வரிகளில் விரல் முந்தி ஓடுவது உறுத்தும். மைக்கைக் குழலுக்கு மிக அருகே கட்டினால் கட்டைகளின் தடதடப்பும் காற்றின் இரைச்சலும் இசையைத் தின்னும்.

இந்த வகைப் படங்களில் பொதுவான ஒரு குறை, எந்த ஸ்டாப்பை எப்போது இழுத்தார்கள் என்று திரையில் எழுத்து வராதது. பக்கத்தில் நிற்கும் உதவியாளர் குமிழை இழுப்பது ஒரு கணம் தெரியும், சத்தம் மாறும், ஏன் என்று புரியாது. நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படித்தான் ஆர்கனின் டிரம்பெட் குழல்களுக்கு உள்ளே துடிக்கும் பித்தளை நாக்கு. புல்லாங்குழல் ரகக் குழல்களுக்கு நாக்கே கிடையாது. இதைத் தெரிந்துகொண்டால் எது வந்து சேர்ந்தது என்று காதாலேயே பாதி கண்டுபிடிக்கலாம்.

565க்குப் பிறகு பஸக்காலியா, BWV 582. எட்டு பார் (தாளச் சுற்று போன்ற அளவு) கொண்ட ஒரு வரியை முதலில் பெடல் தனியாகச் சொல்லும். அதன்மேல் 20 மாற்றங்கள், பிறகு ஃபியூக். தனி ஆவர்த்தனத்துக்குத் தாளம் போட்டுப் பழகியவர்கள் எண்ணிக்கொண்டே போகலாம். எஃப் மேஜர் டொக்காட்டா, BWV 540, தம்புரா ரசிகர்களுக்கு: ஐம்பது பார்களுக்கும் மேலாக பெடலில் ஒரே எஃப். ட்ரையோ சொனாட்டாக்கள், BWV 525 முதல் 530 வரை, நேர் எதிர். இரண்டு கையும் காலும் மூன்று பேர் போல மெலிசாகப் பேசிக்கொள்ளும். அதற்கு ஹெட்ஃபோன் போதும், சப்வூஃபரை அணைத்துவிடலாம்.