திசை மாறும் நீரில் எந்த நங்கூரம் நிற்கும்?

மலாக்கா நீரிணையின் மலேசியக் கரையோரம் நங்கூரமிட்ட படகு ஒரே திசையை நோக்கி நெடுநேரம் நிற்பதில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டர் அளவுக்கு நீர்மட்டம் வேறுபடுகிறது. போதாக்குறைக்குத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், விடியலுக்கு முன்பாக, சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று வரிசையாகக் கிளம்பி வருகிறது. அதுவரை அசைவற்றுக் கிடந்த வானம் பத்தே நிமிடத்தில் மாறிவிடும். காற்றும் முன்பிருந்த திசையில் இருக்காது. ஆகவே 9 முதல் 11 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகுக்கு நங்கூரம் தேடுபவர், நேராக இழுத்தால் எது அதிகம் தாங்கும் என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. இழுப்பு திசை மாறிப் பிடி கழன்ற பிறகு எது தானாகவே மறுபடி புதையும் என்பதுதான் இந்தக் கடலில் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

பழைய படகுகளின் அணியத்தில், அதாவது முன்முனையில், இன்றும் அதிகமாகத் தென்படுவது சி.க்யூ.ஆர். என்னும் கலப்பை நங்கூரம். பாய்ம இயக்கவியலில் பெயர்பெற்ற பிரித்தானிய அறிவியலாளர் ஜெஃப்ரி இங்ராம் டெய்லர் 1933இல் வடிவமைத்தது அது. அந்த மூன்று எழுத்துகளையும் ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் ‘பத்திரமானது’ என்ற பொருள்தரும் சொல்லாக ஒலிக்கும். தண்டும் கொழுவும் கீலால் இணைக்கப்பட்டிருப்பதால், படகு சற்று இப்படியும் அப்படியும் அசைந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கொழு பெயராது என்பது அதன் அடிப்படை எண்ணம். அன்றைய நங்கூரங்களோடு ஒப்பிட்டால் அது பெரிய பாய்ச்சல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இறுகிய மணலில் அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்தபடி நெடுந்தூரம் இழுபட்ட பிறகே உள்ளே இறங்குகிறது. இளகிய சேற்றிலோ, பெயருக்கு ஏற்றபடி, உழுதுகொண்டே நகர்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கீல் தேய்ந்து ஆட்டங்காண்பதும் உண்டு. பழைய படகோடு சேர்ந்து வந்தால் கூடுதல் நங்கூரமாக வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பணம் கொடுத்து வாங்க இன்று காரணமில்லை.

அதே கலப்பை வடிவத்தைக் கீலில்லாமல், முனையில் எடை கூட்டி, எப்படி விழுந்தாலும் நிமிர்ந்துகொள்ளுமாறு செய்தது டெல்டா. 1980களின் இறுதியில் வந்த இந்த நங்கூரம் சி.க்யூ.ஆரைவிட விரைவாகப் புதைகிறது, அணியத்தில் நங்கூரத்தைத் தாங்கும் உருளையிலிருந்து தானே சரிந்து இறங்குகிறது, விலையும் மிதமானது. குறிப்பிட்டுச் சொல்லும்படியான வித்தையும் இல்லை, பெரிய குறையும் இல்லை. வட கடல் எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்காகப் பீட்டர் புரூஸ் உருவாக்கிய நக வடிவ நங்கூரம் இதைவிடவும் எளிதாகப் பிடிக்கும். ஆனால் ஒரே எடையில் வைத்துப் பார்த்தால் அதன் தாங்குதிறன் குறைவு. அதன் மூன்று நகங்களுக்கிடையே உருண்டைக் கல் ஒன்று சிக்கிக்கொண்டால் அதற்குப்பின் அது வெறும் பாரமே. அசல் புரூஸின் சிறிய அளவுகள் தயாரிப்பில் இல்லாததால், கடையில் கிடைப்பவை நகல்களே என்பதையும் வாங்குபவர் நினைவில் கொள்ள வேண்டும்.

உண்மையான போட்டி அடுத்த இரு வகைகளுக்கு இடையில்தான் நடக்கிறது.

முதலாவது, மண்ணில் புதையும் தட்டையான இரு தகடுகளை, அதாவது அலகுகளை, கொண்ட டான்ஃபோர்த் வகை. இரண்டாம் உலகப்போரில் துருப்புகளைக் கரையிறக்கும் படகுகளில் பயன்பட்ட இந்த வடிவம், மண்ணுக்குள் செலுத்தும் பரப்பளவில் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுகிறது; நங்கூரத்தின் பிடியை முடிவுசெய்வது எடையைவிடப் புதைந்திருக்கும் அலகின் பரப்பும் ஆழமுமே என்பதால், எடைக்கு எடை இதற்கு நிகராக வேறொன்றைச் சொல்வது கடினம். அலுமினிய மக்னீசியக் கலவையில் செய்யப்படும் ஃபோர்ட்ரெஸ் இந்த வகையின் உச்சம். 10 மீட்டர் படகுக்கு உரிய அளவின் எடை 4.5 கிலோதான், ஒருவர் ஒற்றைக் கையில் தூக்கிச் சிறு துடுப்புப் படகில் வைத்துக் கொண்டுபோய்ப் போட்டுவரலாம். கழற்றிப் பைக்குள் வைக்கலாம். அலகின் கோணத்தை மணலுக்கு 32 பாகையாகவும் இளஞ்சேற்றுக்கு 45 பாகையாகவும் மாற்றியமைக்கலாம் என்பது நம் மேற்குக்கரைச் சேற்றுக்கென்றே யோசித்துச் செய்ததுபோல் இருக்கிறது. ஆனால் 45 பாகையில் வைத்துவிட்டு இறுகிய மணலில் போட்டால் அலகு குத்தி இறங்காது. நங்கூரமிடும் முன்பே அடித்தரை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் இதை முதன்மை நங்கூரமாக நான் பரிந்துரைக்கத் தயங்குவது, மேலே சொன்ன திசைமாற்றத்தினால்தான். நீரோட்டம் திரும்பி, படகு நங்கூரத்தின் மேலாகவே கடந்து எதிர்ப்பக்கம் இழுக்கும்போது, அலகுகள் மண்ணிலிருந்து பெயர்கின்றன. அந்த நேரத்தில் தண்டுக்கும் அலகுக்கும் இடையே ஒரு கிளிஞ்சலோ குச்சியோ நுழைந்துவிட்டாலும், சங்கிலி அலகைச் சுற்றிக்கொண்டாலும், அலகு மறுபுறம் மடங்கித் திறக்காது. மூடிய கத்தரிக்கோலைத் தரையில் இழுத்துச் செல்வதுபோல் படகு அதை இழுத்துச் செல்லும். எடை குறைவு என்ற நன்மையே இங்கே தீமையாகிறது.

இரண்டாவது, குழிந்த கரண்டி போன்ற அலகுடைய புதிய தலைமுறை. பிரான்சில் 1990களில் வந்த ஸ்பேட், நியூசிலாந்தில் பீட்டர் ஸ்மித் வடிவமைத்த ரோக்னா, அமெரிக்காவின் மான்டஸ் ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ரோக்னாவிலும் மான்டஸிலும் அலகின் பின்புறம் வளைந்து நிற்கும் கம்பி, நங்கூரம் தலைகீழாக விழுந்தாலும் அதைப் புரட்டிக் கூர்முனையைத் தரையில் ஊன்றவைக்கிறது; ஸ்பேட் அதே வேலையை முனைக்குள் ஊற்றிய ஈயத்தைக் கொண்டு செய்கிறது. சி.க்யூ.ஆர். மண்ணை இருபுறமும் ஒதுக்கித் தள்ளும் இடத்தில் இவை மண்ணை அள்ளி அணைத்துப் பிடிக்கின்றன. இழுப்பு மெதுவாகச் சுற்றினால் மண்ணுக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும். முற்றிலும் பெயர்ந்தாலும் பெரும்பாலும் தன் நீளத்தின் சில மடங்கு தூரத்துக்குள் மறுபடி புதையும். நான் இந்த வகைக்கு மாறிய பிறகுதான் நீரோட்டம் திரும்பும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழும் வழக்கம் விட்டுப்போயிற்று.

குறைகளும் உண்டு. வளைகம்பி சில படகுகளின் அணிய உருளையில் அடங்காது. வாங்குமுன் அட்டையில் வடிவத்தை வெட்டி வைத்துப் பார்ப்பது நல்லது. குழிவுக்குள் பிடித்த சேறு மேலே தூக்கும்போது ஒரு பானை அளவுக்குச் சாம்பல்நிறக் களிமண்ணாக ஒட்டிக்கொண்டு வரும். வாளி வாளியாகக் கடல்நீரை ஊற்றி, தூரிகைக் கட்டையால் குத்தி இறக்க வேண்டியிருக்கும். அரிதாக, அந்தக் கட்டி உதிராமல் இருப்பதாலேயே மறுபடி புதையத் தவறுவதும் உண்டு. ஸ்பேடுக்கு இவற்றில் முதல் குறை இல்லை, விலைதான் அதிகம்.

கிழக்குக்கரையில், தியோமான் போன்ற தீவுகளைச் சுற்றி, கணக்கு வேறு. அங்கே மணலும் பவளமும் மாறிமாறிக் கிடக்கின்றன. பவளத்தின் மேல் எந்த நங்கூரத்தையும் போடக்கூடாது; தெளிந்த மணல் திட்டைக் கண்ணால் பார்த்தே இறக்க வேண்டும். நல்ல மணலில் டெல்டா முதல் ரோக்னாவரை எல்லாமே கண்ணியமாக நடந்துகொள்கின்றன. பாறை இடுக்குகளில் பிடிக்கவென்று வரும் நான்குமுனை மடக்குக் கொக்கி ரப்பர் படகுக்கு மட்டும் போதுமானது.

எந்த வகையை வாங்கினாலும் சங்கிலியின் நீளம் குறைந்தால் அது தோற்கும். இதை நான் சொந்தத் தவறால் கற்றேன். ஒரு மாலை வற்றத்தின்போது 4 மீட்டர் ஆழத்தில், நீர்மட்டத்துக்கு மேல் அணியத்தின் உயரம் 1 மீட்டரையும் கூட்டி, ஐந்து மடங்காக 25 மீட்டர் சங்கிலியை விட்டுவிட்டு உறங்கப் போனேன். நள்ளிரவு ஏற்றத்தில் மொத்த உயரம் 9 மீட்டரானபோது அந்த 25 மீட்டர் மூன்று மடங்குகூட இல்லை. சங்கிலி விறைக்கும்போது தரையோடு அது 11 பாகை சாய்வதற்குப் பதிலாக 20 பாகைக்கு மேல் தூக்கி நங்கூரத்தைப் பிடுங்கியது. பக்கத்துப் படகின் விளக்கு சாளரத்தை நிறைத்தபோதுதான் விழித்தேன். ஏற்றத்தைக் கணக்கில் எடுத்து 45 மீட்டர் விட்டிருக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ என்பதால் அது 63 கிலோ, அணியம் தாங்கக்கூடிய பாரமே. காற்றின் வேகம் இரட்டித்தால் படகின் மீதான விசை நான்கு மடங்காகும் என்பதை வைத்துப் பார்த்தால், இந்தப் பாரம் மிகையல்ல.

என் தேர்வு இதுதான்: மேற்குக்கரையில் சுற்றும் 10 மீட்டர் படகுக்கு, குழிந்த அலகுடைய 15 கிலோ நங்கூரம் அணியத்தில், கழற்றிய ஃபோர்ட்ரெஸ் ஒன்று, சேற்றுக் கோணத்தில் பூட்டத் தயாராக, பின்புறப் பெட்டியில். செலவு இரண்டுக்கும் இடங்கொடாவிட்டால் முதலாவதற்குப் பதில் டெல்டாவை ஒரு அளவு பெரிதாக வாங்கலாம். சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கும் ஷேக்கிள் வளையத்தின் திருகாணியைக் கம்பியால் கட்டாமல் எதையும் கடலில் இறக்க வேண்டாம். இறக்கியபின் இயந்திரத்தைப் பின்னோக்கி மெல்ல இயக்கி, உருளைக்கு முன்னால் சங்கிலியின்மீது உள்ளங்கையை வையுங்கள். நங்கூரம் இழுபட்டால், சரளைக்கல்லில் மாட்டுவண்டி போவதுபோல் அந்த அதிர்வு கையில் ஏறும். புதைந்துவிட்டால் சங்கிலி விறைத்து, சலனமில்லாமல் நிற்கும்.