வால்வு வைத்த பிக் லைன்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

அக்யூட் லுக்கேமியா (வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய்) என்று முடிவான ஓரிரு நாளிலேயே வரும் பேச்சு, "பிக் லைன் போட்டுடலாம்" என்பது. காரணம் நியாயமானது. முதல் சுற்று சிகிச்சையில் தினமும் ரத்தம் எடுப்பார்கள். ஆன்டிபயாடிக், பிளேட்லெட், ரத்தம், பூஞ்சை மருந்து என்று பாட்டில் மாற்றிப் பாட்டில் ஏறும். டானோரூபிசின், வின்கிறிஸ்டின் மாதிரி மருந்துகள் கை நரம்பை விட்டுக் கொஞ்சம் கசிந்தாலும் சதை வெந்து புண்ணாகிவிடும். அதனால் மேல்கையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக இதயத்தின் வாசல் வரை ஒரு மெல்லிய குழாயை விட்டு, மாதக் கணக்கில் அதையே பயன்படுத்துகிறார்கள். எந்தக் குழாய் என்பதுதான் கேள்வி. சீட்டில் "பிக் லைன் 4 பிரெஞ்ச்" என்று ஒரே வரி இருக்கும். கடையில் வால்வு உள்ளது, இல்லாதது, ஒற்றை வழி, இரட்டை வழி, பூச்சு பூசியது என்று நான்கைந்து பெட்டிகளை எடுத்து வைப்பார்கள். இங்கே பார்க்கப்போவது கிரோஷாங் வகை: நுனியில் வால்வு வைத்த, 4 பிரெஞ்ச், ஒற்றை வழி சிலிக்கான் குழாய்.

ஒரு பிரெஞ்ச் என்றால் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். ஆக 4 பிரெஞ்ச் குழாயின் வெளிவிட்டம் சுமார் 1.33 மி.மீ. சாதாரணக் குழாயின் நுனி திறந்திருக்கும். கிரோஷாங்கின் நுனி உருண்டையாக மூடியிருக்கும். அதற்குச் சற்று மேலே பக்கவாட்டில் ஒரு கீறல். குழந்தையின் பால் புட்டி நிப்பிளில் போடும் கீறலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து மருந்தைத் தள்ளினால் கீறல் வெளிப்பக்கமாக விரியும். சிரிஞ்சால் இழுத்தால் உட்பக்கமாக மடங்கி ரத்தத்தை விடும். இரண்டும் இல்லாதபோது தானாக மூடிக்கொள்ளும். ரத்தம் குழாய்க்குள் பின்னோக்கி ஏறி உறைந்து போவதைத் தடுக்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

இதன் முதல் லாபம், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் மருந்தால் குழாயை நிரப்பி வைக்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒருமுறை 10 மி.லி. நார்மல் சலைனால் கழுவினால் போதும். ரத்த நோயாளிக்கு இது சின்ன விஷயமல்ல. ஹெபரின் நிரப்பிய குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஏ.பி.டி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் சோதனை) பொய்யாக நீண்டு வரும். அதை நம்பி பிளாஸ்மா ஏற்றுவது வீண் வேலை. அதைவிடப் பெரிய கவலை, ஹெபரினால் பிளேட்லெட் சரிவது. ஹெபரின் தொடங்கிய 5 முதல் 10 நாளுக்குள் எண்ணிக்கை பாதிக்கு மேல் இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். கீமோவிலும் அதே காலத்தில்தான் பிளேட்லெட் இறங்குகிறது. எது எதனால் என்று பிரிப்பது பெரும்பாடு. குழாயை மூட வைக்கும் துளி ஹெபரின்கூட இந்த எதிர்வினையைத் தூண்டலாம். சலைன் மட்டும் கேட்கும் குழாயில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலிக்கான் மென்மையானது, அதனால் சுவர் தடிமனாக இருந்தாக வேண்டும். வெளியே ஒரே அளவு என்றாலும் உள்வழி பாலியூரிதேன் குழாயை விடக் குறுகல். சலைன் மெதுவாக இறங்கும், ரத்தப் பை அதைவிட மெதுவாக. ஒரு பை ரத்தம் 4 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. புவியீர்ப்பை மட்டும் நம்பினால் சில நேரம் அந்த நேரத்தைத் தொட்டுவிடும். இன்ஃப்யூஷன் பம்பு இருக்கும் வார்டில் இது பிரச்சினையில்லை. சி.டி. ஸ்கேன் காண்ட்ராஸ்டை இயந்திர அழுத்தத்தில் இந்தக் குழாயில் செலுத்தவே கூடாது, வெடித்துவிடும். உயரழுத்தம் தாங்கும் பாலியூரிதேன் வகைக்குப் பெட்டியிலும் குழாயிலும் அப்படி அச்சிட்டிருக்கும். அச்சில்லாவிட்டால் ஸ்கேன் மேஜையில் கைநரம்பில் தனி ஊசி போடச் சொல்லுங்கள்.

இன்னொரு வேறுபாடு போடுபவர்களுக்கு. திறந்த நுனிக் குழாயை அளந்து நுனிப்பக்கம் வெட்டி உள்ளே விடலாம். இதில் வால்வு நுனியில் இருப்பதால் முழுதாக விட்ட பிறகு வெளிப்பக்கத்தைத்தான் வெட்ட வேண்டும். பிறகு இரண்டு துண்டு இணைப்பானைச் செருகிப் பூட்ட வேண்டும். அரைகுறையாகப் பூட்டினால் அங்கேதான் கசியும், அங்கேதான் கழன்று வரும். இதிலேயே ஒரு நன்மையும் உண்டு: வெளிப்பகுதி கிழிந்தால் சேதமான இடத்தை வெட்டிவிட்டுப் புது இணைப்பான் பொருத்தலாம், முழுக் குழாயையும் எடுக்க வேண்டியதில்லை.

வாங்குபவர்கள் அதிகம் தவறுவது வழிகளின் எண்ணிக்கையில். "இரட்டை வழியா இருந்தா எதுக்கும் உதவும்" என்று 5 அல்லது 6 பிரெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். குழாய் ரத்தக் குழாயின் விட்டத்தில் 45 சதவீதத்துக்கு மேல் அடைக்கக் கூடாது. அடைத்தால் ஓட்டம் தேங்கி ரத்தக் கட்டி சேரும். கணக்குப் போட்டால் 4 பிரெஞ்சுக்கு 3 மி.மீ. அகலமுள்ள சிரை வேண்டும், 5 பிரெஞ்சுக்கு 3.7, 6 பிரெஞ்சுக்கு ஏறத்தாழ 4.5. மெலிந்த நோயாளியின் கையில், காய்ச்சலும் நீர்ச்சத்துக் குறைவும் சேர்ந்திருக்கும்போது, 4.5 மி.மீ. பேசிலிக் சிரை (மேல்கையின் உட்பக்கச் சிரை) எளிதில் கிடைக்காது. அல்ட்ராசவுண்டில் கையைக் கட்டாமல் அளந்த எண்ணைக் கேளுங்கள். கட்டி அளந்தால் சிரை புடைத்துக் கணக்குத் தப்பாகும். மஜ்ஜை மாற்று சிகிச்சை, ஒன்றோடொன்று ஒத்துவராத மருந்துகள் ஒரே நேரத்தில் ஓடுவது, இவற்றுக்கு இரட்டை வழி அவசியம். மற்ற எல்லோருக்கும் மெல்லிய ஒற்றை வழிதான் சரி. இதில் தயக்கமே தேவையில்லை.

நுனி நிற்க வேண்டிய இடம், மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது ஏட்ரியத்தில் (மேல் அறையில்) சேரும் சந்தி. மார்பு எக்ஸ்ரேயோ இ.சி.ஜி. முறையோ அதை உறுதி செய்யும். உள்ளே எத்தனை செ.மீ., வெளியே எத்தனை செ.மீ. என்று எழுதிய கார்டை வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ஃப்ளஷ் செய்யும்போது (சலைன் தள்ளிக் குழாயைக் கழுவும்போது) காதுக்குள் தண்ணீர் ஓடுவது போலக் கேட்டால் நுனி கழுத்துச் சிரைக்குள் ஏறியிருக்கலாம். எதுவும் ஏற்றாமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இனி இந்தப் பொருளின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேலை, ஃப்ளஷ். 10 மி.லி. அளவுள்ள சிரிஞ்ச் மட்டும்தான். 2 மி.லி. சிரிஞ்சின் குழல் சிறியது. அதே விரல் பலத்தில் பல மடங்கு அழுத்தம் உண்டாகிச் சிலிக்கானைக் கிழித்துவிடும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, மூடியின் முகத்தை ஆல்கஹால் ஸ்வாபால் 15 விநாடி அழுத்தித் தேய்த்துக் காய விடுங்கள். ஈரமாக இருக்கும்போதே செருகினால் தேய்த்த பலனில்லை. சிரிஞ்சிலுள்ள காற்றை வெளியேற்றிவிட்டுப் பொருத்தி, மெதுவாக இழுத்து ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். இங்கே பொறுமை வேண்டும்: வெடுக்கென்று இழுத்தால் மென்மையான குழாய் ஒட்டிக்கொள்ளும், வால்வும் திறக்காது. அரை மி.லி. இழுத்து இரண்டு விநாடி நிறுத்தினால் சிவப்பு தானாக ஏறி வரும். பிறகு ஒரு மி.லி. தள்ளு, நிறுத்து, ஒரு மி.லி. தள்ளு என்று விட்டுவிட்டுத் தள்ள வேண்டும். அந்தச் சுழற்சிதான் உட்சுவரில் ஒட்டியதைக் கழுவும். ஒரே சீராகத் தள்ளினால் நடுவில் மட்டும் ஓடிப்போகும். கடைசி அரை மி.லி.யைத் தள்ளிக்கொண்டே சிரிஞ்சைக் கழற்றுங்கள். ரத்தம் எடுத்த பிறகும் ஏற்றிய பிறகும் 20 மி.லி.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து ஏறிய வழியிலேயே, ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் சோதனைக்கு ரத்தம் எடுக்கக் கூடாது. மருந்து குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்து அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அதைப் பார்த்து மருந்தைக் குறைத்தால் பாதிப்பு நோயாளிக்கு.

டிரஸ்ஸிங் 7 நாளுக்கு ஒருமுறை. பஞ்சுத்துணி வைத்திருந்தால் 2 நாள். இது ஏட்டில் உள்ள கணக்கு. நம் ஊர் மே மாதத்தில் வியர்வையில் ஓரம் கிளம்பிவிட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும், மேலே இன்னொரு பிளாஸ்திரி ஒட்டி ஒப்பேற்றக் கூடாது. 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் 30 விநாடி தேய்த்து முழுக்க உலர்ந்த பிறகே ஒட்டுங்கள். ஈரத்தின் மேல் ஒட்டினால் தோல் கொப்பளிக்கும்; அது மருந்து ஒவ்வாமை என்று பலரும் தவறாக நினைக்கிறார்கள். பழைய டிரஸ்ஸிங்கைக் கையின் கீழிருந்து தோள் பக்கமாக உரிக்க வேண்டும், எதிர்ப்பக்கம் உரித்தால் குழாயும் கூடவே வரும். ஒவ்வொரு முறையும் வெளி நீளத்தை அளந்து கார்டோடு ஒப்பிடுங்கள். வெளியே வந்ததை உள்ளே தள்ளவே கூடாது. கத்தரிக்கோல் அந்தப் பக்கமே வரக் கூடாது. இறுக்கமான ஜாக்கெட் கை, அந்தக் கையில் பி.பி. பார்ப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது மூன்றும் வேண்டாம். ஆனால் பயந்து கையை அசைக்காமல் வைத்திருப்பதும் தவறு. அசையாத கையில்தான் கட்டி சேரும்.

அடைப்பு வந்தால் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். சலைன் உள்ளே போகிறது, ரத்தம் மட்டும் வரவில்லை என்றால் நுனியைச் சுற்றி ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப்பொருள்) உறை படிந்திருக்கலாம், அல்லது நுனி சுவரில் முட்டியிருக்கலாம். கையைத் தூக்கி, இருமச் சொல்லிப் பாருங்கள். அசையாவிட்டால் 2 மி.லி.யில் 2 மி.கி. ஆல்டிப்ளேஸ் (உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்து) விட்டு 30 நிமிடத்தில் ஒருமுறை, 120 நிமிடத்தில் ஒருமுறை சோதிப்பார்கள். தேவையானால் இரண்டாவது டோஸ். இது மருத்துவமனை வேலை, வீட்டு வேலை அல்ல. மருந்து படிந்து அடைத்திருந்தால் ஆல்டிப்ளேஸ் உதவாது. ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸோடு ஏற்றினாலும், கால்சியத்தை பைகார்பனேட்டோடு ஏற்றினாலும் உள்ளே சுண்ணாம்பு மாதிரி இறுகிவிடும். எந்த அடைப்பையும் பலத்தால் தள்ளித் திறக்காதீர்கள்.

குழாய்க்குள் அடைப்பு வேறு, சிரைக்குள் ரத்தக் கட்டி வேறு. பின்னதை வால்வு தடுக்காது. விற்பனையாளர் எவ்வளவு சொன்னாலும் இதை மனதில் வையுங்கள். ஏ.எல்.எல். (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா) நோயாளிக்கு எல்-அஸ்பராஜினேஸ் என்ற கீமோ மருந்து போடும் வாரங்களில், ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் ஆன்டித்ராம்பின் இறங்கிவிடும். ஸ்டீராய்டும் சேரும், குழாயும் கையில் இருக்கும். கட்டிக்குத் தோதான காலம் அது. முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. மேலே கைச்சுற்றளவை முதல் நாளே அளந்து வையுங்கள். வீக்கத்தோடு 3 செ.மீ. கூடினால் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டம் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) அன்றைக்கே வேண்டும். கட்டி உறுதியானாலும் குழாயை உடனே பிடுங்க வேண்டியதில்லை. நுனி சரியான இடத்தில் இருந்து, குழாய் வேலை செய்து, தேவையும் இருந்தால் வைத்துக்கொண்டே குறைந்தது 3 மாதம் உறைவுத்தடுப்பு மருந்து தரலாம். பிளேட்லெட் 50,000க்கு மேல் முழு அளவு, 25,000க்கும் 50,000க்கும் இடையில் பொதுவாகப் பாதி, 25,000க்குக் கீழே நிறுத்தி வைப்பது என்று மருத்துவர் தினமும் பார்த்து மாற்றுவார்.

ஃப்ளஷ் செய்த ஒரு மணி நேரத்துக்குள் குளிர் நடுக்கம் வந்தால் குழாயில் கிருமி என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழாயிலிருந்தும் மறு கையிலிருந்தும் ஒரே நேரம், ஒரே அளவு ரத்தம் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) எடுக்க வேண்டும். குழாய் ரத்தம் 2 மணி நேரம் முந்திப் பாசிட்டிவ் ஆனால் குற்றவாளி குழாய்தான். ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸோ கேண்டிடாவோ வளர்ந்தால் எடுத்துவிடுவதுதான் வழி.

மாற்றுகளோடு ஒப்பிட்டால்? பூச்சு பூசிய விலை கூடிய வகைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2025ல் வெளியான சோதனையில், நீர் ஒட்டாத வகை 5.9 சதவீதம் செயலிழந்தது, குளோர்ஹெக்சிடின் பூச்சு வகை 9.9, சாதாரண பாலியூரிதேன் 6.1. போர்ட் (மார்புத் தோலுக்கடியில் புதைத்து வைக்கும் சிறு மருந்துக் கிண்ணமும் குழாயும்) விஷயம் வேறு. பிரிட்டனில் நடந்து 2021ல் வெளிவந்த காவா சோதனையில், போர்ட் வைத்தவர்களில் 32 சதவீதத்தினருக்கும் பிக் லைன் வைத்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும் சிக்கல் வந்தது. போர்ட் தோலுக்கடியில் இருப்பதால் குளிக்கலாம், வாராவாரம் டிரஸ்ஸிங் இல்லை. விலை அதிகம், வைக்கவும் எடுக்கவும் சிறு அறுவை வேண்டும், போர்ட்டுக்கென்றே உள்ள ஹியூபர் ஊசி தவிர வேறு ஊசியால் குத்தினால் மேல்சவ்வு கிழியும். பிளேட்லெட் தரைமட்டத்தில் இருக்கும் லுக்கேமியா முதல் மாதத்தில் தோலை அறுத்துப் பை செய்வது சரியல்ல. அங்கே பிக் லைன் முந்துகிறது. லிம்ஃபோமாவில் ஆறு மாதம் விட்டுவிட்டுக் கீமோ என்றால் போர்ட்டுக்கே செலவு செய்யுங்கள். சிறுநீரகம் பழுதடைந்து வருபவருக்குப் பிக் லைன் எந்த வகையிலும் வேண்டாம். பின்னாளில் டயாலிசிஸ் ஃபிஸ்டுலாவுக்கு (தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் வழிக்கு) அந்தச் சிரை தேவைப்படும்.

வார்டை விட்டு வீட்டுக்குப் போய் வாரம் ஒருமுறை மட்டும் பக்கத்து ஊர் நர்ஸிடம் காட்ட முடிகிற நோயாளிக்குக் கிரோஷாங் நல்ல தேர்வு: ஹெபரின் வாங்க வேண்டாம், வால்வே மூடிக்கொள்வதால் கிளாம்பை (குழாயை நெரித்து மூடும் கவ்வியை) மூட மறந்த பயம் இல்லை. நாள் முழுக்க ரத்தமும் காண்ட்ராஸ்டும் ஏறும் நோயாளிக்கு உயரழுத்தம் தாங்கும் 4 பிரெஞ்ச் பாலியூரிதேன். வாங்கும்போது கிருமிநீக்கத் தேதி, உறை கிழியாமை, கூடுதல் இணைப்பான் ஒன்று, இந்த மூன்றையும் பாருங்கள்.

எடுக்கும் நாளில் மல்லாந்து படுக்க வைத்து, மூச்சை அடக்கச் சொல்லி, சிறுகச் சிறுக இழுப்பார்கள். நடுவில் பிடித்தால் சிரை சுருங்கியிருக்கிறது. 20 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு மறுபடி முயல வேண்டும். பிளேட்லெட் குறைவென்றால் ரத்தம் நிற்கும்வரை கூடுதல் நேரம் அழுத்திப் பிடித்து, ஒரு நாள் காற்றுப்புகாத டிரஸ்ஸிங். வெளியே வந்த குழாயை ஸ்கேலில் அளந்து கார்டோடு ஒப்பிட்டு, உருண்டை நுனியும் பக்கக் கீறலும் முழுதாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே குப்பைத் தொட்டியில் போடச் சொல்லுங்கள்.