முதுகில் எண் இல்லாத உப்புத்தாளை வாங்காதீர்கள்

தேக்குப் பலகையால் செய்த மேசை ஒன்றை மெருகேற்றுவதற்காக நான் வாங்கிய உப்புத்தாள் பாக்கெட், இரண்டு வார வேலையைப் பாழாக்கிவிட்டது. உறையின்மேல் 80, 120, 180 என்று எண்கள் கொட்டை எழுத்தில் இருந்தன; உள்ளே இருந்த தாள்களின் முதுகிலோ ஓர் எழுத்துகூட இல்லை. ஒழுங்கான தயாரிப்பாளர்கள், துகள் எவ்வளவு நுண்மையானது என்பதைக் காட்டும் துகள் எண்ணைத் தாளின் பின்புறத்திலேயே, பல சமயம் 'பி' என்ற எழுத்தை முன்னொட்டாகச் சேர்த்து, அச்சிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததன்று. தெரிந்தும் வாங்கியது என் பிழை.

பி 120 என்றால் துகளின் சராசரி அளவு ஏறத்தாழ 125 மைக்ரான், பி 180 என்றால் 82 மைக்ரான். ஆனால் சராசரி சரியாக இருந்தால் மட்டும் போதாது. நுண்மையான துகள்களுக்கு நடுவே பருத்த துகள் நாலைந்து கலந்துவிட்டாலும், மற்றவை மரத்தை வழவழப்பாக்கிக்கொண்டிருக்கும்போதே அவை ஆழமாகக் கீறிக்கொண்டு போகும். வெறும் மரத்தில் அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. நிறச்சாயம் பூசிய பிறகுதான், கீறலுக்குள் சாயம் கூடுதலாகத் தேங்கி, பலகை முழுவதும் கருங்கோடுகளாக எழுந்து நின்றன. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்திருந்தால் முன்பே அகப்பட்டிருக்கும்.

விற்றவரிடம் கேட்டபோது, கையழுத்தம் கூடிவிட்டது என்றும், மரத்தின் இழைக்குக் குறுக்கே தேய்த்திருப்பீர்கள் என்றும் பழியை என்மேல் திருப்பினார். கோடுகள் அனைத்தும் இழையோடு ஒட்டியே ஓடுகின்றன என்று காட்டியும் பயனில்லை. ஆகவே அந்த 180 தாளையும், முதுகில் எண் அச்சிட்ட வேறொரு 180 தாளையும் ஒரே அக்ரிலிக் துண்டில், ஒரே அழுத்தத்தில் பத்து முறை இழுத்துக் காட்டினேன். எண் அச்சிட்ட தாள் சீரான மங்கலை மட்டும் விட்டது. எண் இல்லாதது அதே மங்கலுக்குள் நான்கு ஆழமான பள்ளங்களை விட்டது. அதற்கு அவரிடம் பதில் இல்லை.

வார்னிஷ் பூச்சுகளுக்கிடையே தேய்க்க அவரே பரிந்துரைத்த, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் 400 எண் வாட்டர் பேப்பரும் இதே இலட்சணம்தான். கறுப்பாக இருப்பதெல்லாம் தண்ணீரைத் தாங்கும் தாள் ஆகாது. துகளை ஒட்டிய பசையும் முதுகுத்தாளும் இரண்டுமே நீரைத் தாங்கவேண்டும். நான் வாங்கியது நனைந்த சில நிமிடங்களில் துகளை உதிர்த்து, வார்னிஷ்மேல் சேறாய்ப் படிந்தது. வாங்கியதும் ஒரு மூலையைக் கிழித்து அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் வழித்துப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

கூடவே வந்த, தாளைச் சுற்றிப் பிடித்துத் தேய்ப்பதற்கான தேய்ப்புக் கட்டையைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தால் நடுவில் ஒளி புகுந்தது. குழிந்த கட்டை தன் இரு ஓரங்களால் மட்டுமே அழுத்தும். பலகையில் வரிவரியாகப் பள்ளம் விழும். தட்டையான மரத்துண்டின் அடியில் தக்கைத் தகடு ஒட்டி நானே செய்துகொண்ட கட்டை அதைவிட எவ்வளவோ மேல்.

நீண்ட வாக்குவாதத்திற்குப் பிறகு பாக்கெட்டை மட்டும் மாற்றித் தந்தார். வீணான சாயத்துக்கும் உழைப்புக்கும் தாம் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து புதியதைப் பிரித்தேன். அந்தத் தாள்களின் முதுகிலும் எதுவும் இல்லை.